கேளுங்கம்மிணி: லிப் ரீடிங் டீச்சர் ஆகணும்னா எங்க படிக்கறது?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, ஊர் சோமனூர். பி.ஏ. தமிழ் முடிச்சுட்டு ஒரு துணிக் கம்பெனில பில் போடற வேலைல இருக்கறேன். எங்கம்மா ரொம்ப வருஷம் தறி ஓட்டி காது மந்தமாயிருச்சு, மெஷின் வெச்சும் பாதிதான் கேக்குது, மீதிய எங்க வாயைப் பாத்தே புரிஞ்சுக்கறாங்க. அம்மாகூட வேலை செஞ்சவங்க நாலஞ்சு பேருக்கும் இதே கதைதான். பெரியவங்களுக்கு லிப் ரீடிங் சொல்லித்தர்றதுக்குன்னே வெளிநாட்டுல டீச்சர் இருக்காங்களாமா. நம்மூர்ல அதுக்கு ட்ரெயினிங் இருக்குதுங்களா? தமிழ் படிச்ச நான் ஆக முடியுங்களா?

பதில்: ஆகலாம் கண்ணு. ஆனா இந்தக் காலேஜுல சேரு, இத்தனை மாசத்துல சர்ட்டிபிகேட்டுன்னு கை காட்டற மாதிரி நேர் ரோடு இல்ல, அதை மொதல்லயே சொல்லிப்போடறேன்.

இங்கிலாந்துல இது தனித் தொழில். லண்டன்ல சிட்டி லிட்னு பெரியவங்களுக்குன்னே ஒரு காலேஜ் இருக்குது, 1919ல ஆரம்பிச்சது, லிப் ரீடிங் டீச்சர் ட்ரெயினிங்குக்குப் பேர் போன எடம், அந்த டீச்சருங்களுக்கு ஆட்லான்னு ஒரு சங்கமே உண்டு. அந்த ட்ரெயினிங்ல என்னென்ன வருதுன்னு தெரிஞ்சுக்கறது உங்களுக்கு ஒதவும். வாய்க்குள்ள எந்த ஒலி எங்க பொறக்குது, காது எப்படிக் கெடுது, ஆடியோகிராம்ங்கற காது டெஸ்ட் வரைபடத்தை எப்படிப் படிக்கறது, ஹியரிங் எய்டால எது ஆகும் எது ஆகாது, காது போன மனுசன் ஏன் விசேஷத்துக்கு வர்றதையே விட்டுட்டு ஊட்டுக்குள்ள உக்காந்துக்கறான், இதெல்லாம் படிச்சு, அப்பறம் நெஜக் கிளாஸ்ல நின்னு பாடம் எடுத்துக் காட்டோணும். சொல்லித்தர்றவங்கள்ல நெறைய பேருக்கு அவங்களுக்கே காது கொறைவுதான். 1903ல நியூயார்க்ல பெரியவங்களுக்கு லிப் ரீடிங் ஸ்கூல் ஆரம்பிச்ச எட்வர்ட் நிட்சியும் சின்ன வயசுலயே காது போனவர். ஒவ்வொரு ஒலியா தொரத்தாதே, சொல்ல வர்ற விசயத்தைப் புடின்னு அவர் சொல்லிக் குடுத்ததுதான் இன்னிக்கும் அடிப்படை.

நம்ம நாட்டுக்கு வருவோம். காது, பேச்சு சம்பந்தப்பட்ட படிப்புக்கெல்லாம் அங்கீகாரம் தர்றது ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், 1992 சட்டத்துல வந்தது. அவங்க லிஸ்ட்ல பெரியவங்களுக்கான லிப் ரீடிங் டீச்சர்னு தனிப் படிப்பு கெடையாது. பக்கத்துல இருக்கறது மூணு. பிஏஎஸ்எல்பின்னு காது, பேச்சு பத்தின டிகிரி நாலு வருஷம், ஆடியாலஜிஸ்ட்டாவே, அதாவது காதை டெஸ்ட் பண்ணி மெஷின் பொருத்தறவராவே ஆயிறலாம். டிஎச்எல்எஸ்ங்கறது காது, மொழி, பேச்சு பத்தின ஒரு வருஷ டிப்ளமா. இது ரெண்டுக்கும் பிளஸ் டூல சயின்ஸ் கேப்பாங்க. மூணாவது, காது கேளாத புள்ளைங்களுக்கான ஸ்பெஷல் பி.எட்., டிகிரி முடிச்ச உங்களுக்கு இதான் வாகு, ஆனா அது ஸ்கூல் புள்ளைங்களுக்கு உண்டான படிப்பு, அறுவது வயசு அம்மாளுக்குச் சொல்லித்தர்ற வித்தை அதுல கொஞ்சந்தான் கெடைக்கும். பெரியநாயக்கன்பாளையத்துல ராமகிருஷ்ணா மிஷன் விவேகானந்தா வளாகத்துல ஸ்பெஷல் பி.எட். நடக்குது, எந்தப் பிரிவுக்கு அட்மிஷன்னு விசாரிச்சுட்டுப் போங்க. சயின்ஸ் குரூப்பா இருந்தா மைசூர்ல அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் இருக்குது, சத்தியமங்கலத்துல பஸ் ஏறுனா திம்பம் தாண்டி போயிறலாம்.

தமிழ் படிச்சதைக் கொறையா எழுதிருக்கறீங்க, இந்த வேலைக்கு அதாங் கண்ணு மொதலு. லண்டன் பாடத்தை அப்படியே தூக்கியாந்தா இங்க ஒண்ணுக்கும் ஆகாது. ஒரு கண்ணாடி முன்னால நின்னு சத்தமில்லாம பழம், படம், பணம், மரம், மடம்னு சொல்லிப் பாருங்க. எல்லாம் ஒரே வாய்தான். ப, ம ரெண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடுது, ட, ண, ள, ழ எல்லாம் நாக்கு மடங்கி உள்ள நடக்கற சமாச்சாரம், வெளிய தெரியாது, க தொண்டைகிட்ட. வ மட்டும் மேல்பல்லு கீழுதட்டுல படறதால பளிச்சுனு தெரியும். இன்னொரு கூத்து, பணம்னு எழுதறோம், ஆனா பேசறப்ப கடைசி ம் மூக்கோட போயிருது, உதடு மூடறதே இல்ல. அதனால எழுத்தைப் பாத்துப் பாடம் தயாரிக்கற டீச்சர் தப்பாத்தான் தயாரிப்பாங்க, நம்மாளுங்க பேசறதைப் பாத்துத் தயாரிக்கணும். நம்மூர் மரியாதையும் இதுல மாட்டிக்குது பாருங்க, சொல்லுங்ன்னாலும் சொல்லுன்னாலும் உதடு காட்டறது ஒண்ணுதான், வாயைப் படிக்கறவங்களுக்கு நாமெல்லாரும் மருவாதி தெரியாதவங்க!

அப்ப எப்படித்தான் புரிஞ்சுக்கறது? சுத்தி இருக்கற வார்த்தைய வெச்சுத்தான். மரத்துல இருந்து பறிச்சேன்னா பழம், தியேட்டர்ல பாத்தேன்னா படம். ஆனா "பணம் எடுத்தியா", "படம் எடுத்தியா" ரெண்டும் பொருந்தும், அங்க கேட்டுத்தான் தீரணும், அதை எப்படிக் கேக்கறதுன்னு சொல்லித்தர்றதுதான் பாதிப் பாடமே. "என்ன? என்ன?"ன்னா எதிராளி அதே வார்த்தைய இன்னுஞ் சத்தமா சொல்லுவான், அவ்வளவுதான். "பேங்க் விசயமா, போன் விசயமா?"ன்னு கேட்டா ஒரே நொடில முடிஞ்சுது. ஆறும் நாலும்கூட உதட்டுல ஏறத்தாழ ஒண்ணுதான், அதனால பஸ் எத்தனை மணிக்குன்னா வெரலைக் காட்டச் சொல்லணும். இந்த மாதிரி ஜோடிகளை ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டே வாங்க, சந்தை, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, நோம்பின்னு தலைப்பு வாரியா. உங்க பாடப்புத்தகம் அதுதான், வேற யாரும் எழுதித் தரப்போறதில்ல.

அடுத்தது, டீச்சருக்குன்னு ஒரு தனிப் பழக்கம், சத்தத்தை மட்டும் எடுத்துட்டு வாய் அசைவு மாறாம பேசறது. கேக்க லேசா இருக்கும், செஞ்சா தெரியும். சத்தம் போனதும் வாய் தானா பெருசாயிரும். ஒரே வாக்கியத்தைச் சத்தத்தோட ஒரு தடவை, சத்தமில்லாம ஒரு தடவை போன்ல வீடியோ எடுத்து, ரெண்டையும் மியூட் பண்ணி அம்மாகிட்ட காட்டுங்க. எது எதுன்னு அம்மா கண்டுபுடிச்சுட்டா நீங்க இன்னும் பழகோணும்.

உங்கம்மாவும் கூட்டாளிகளும் தறி குடோன்லயே இதைப் பாதி கத்துக்கிட்டவங்க. இங்கிலாந்துல லங்காஷயர் பஞ்சாலைல தறி ஓட்டின பொம்பளைங்க இரைச்சல்ல வாயைப் பெருசா அசைச்சு சத்தமில்லாம பேசிக்குவாங்களாம், மீ-மான்னு அதுக்குப் பேரே உண்டு. தென்னிந்திய மான்செஸ்டர்னு நாம பெருமை பேசறதுல இந்தச் சங்கதிய யாரும் சேத்துக்கறதில்ல. ஆனா ஒண்ணு, குடோன்ல பேச்சு நூல் அந்துபோச்சு, கரண்ட் போச்சு, டீ வந்துருச்சு, இத்தோட முடிஞ்சுரும். டாக்டர் சொல்றதை வாயைப் பாத்துப் புடிக்கறது வேற. அந்த நாலஞ்சு பேரையே வாரம் ஒருக்கா உக்கார வெச்சு ஆரம்பிங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், கண்ணு களைச்சுப் போயிரும். ஆர்சிஐ பதிவு இல்லாம தெரபிஸ்ட்னு போர்டு மட்டும் வெச்சுறாதீங்க, ஊர்ல இருக்கற ஆடியாலஜிஸ்ட் ஒருத்தர்கூட சேந்து, அவர் டெஸ்ட் பண்ணி அனுப்பறவங்களுக்கு கிளாஸ் எடுக்கற மாதிரி வெச்சுக்குங்க. வருமானம்? இப்போதைக்கு பில் போடற வேலைய விட்றாதீங்க.

கேள்வி: அக்கா, வயசு 61, பல்லடம், மில் வேலைல இருந்து ரிட்டையர்டு. லிப் ரீடிங் பழகலாம்னு இருக்கறேன். காது மெஷினைக் கழட்டி வெச்சுட்டுப் பழகினா சீக்கிரம் வரும்னு சொல்றாங்க, சரிங்களா?

பதில்: யாருங்ண்ணா சொன்னது? கழட்டவே கழட்டாதீங்க. இரைச்சல்ல காது போறவங்களுக்கு மொதல்ல போறது கீச்சுன்னு இருக்கற உச்ச ஒலி, 4000 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால ஆ, ஊன்ற உயிர் ஒலி ஓரளவு கேக்கும், ச, த, க மாதிரி ஒலிதான் நழுவும், அதான் "சத்தம் கேக்குது, வார்த்தை புரியல"ம்பாங்க. இப்ப உதட்டைப் பாருங்க, ப-வா த-வான்னு கண்ணு சொல்லிரும், காது சொல்லாது. ப-வா ம-வான்னு காது சொல்லும், கண்ணு சொல்லாது. ரெண்டும் ஜோடியா ஓடறப்பதான் வண்டி நகரும். 1976ல மெக்கர்க், மெக்டொனால்டுன்னு ரெண்டு பேரு, "பா"ன்ற சத்தத்தை "கா"ன்னு அசையற வாயோட சேத்துக் காட்டுனாங்க, பாத்தவங்க பெரும்பாலும் "டா"ன்னுதான் கேட்டாங்க. நல்ல காது இருக்கறவங்களே பாதி கண்ணாலதான் கேக்கறாங்கங்ண்ணா. வயசைப் பத்தி யோசனையே வேண்டாம், கண்ணாடி பவர் மட்டும் சரியா இருக்குதான்னு ஒருக்கா பாத்துக்குங்க. ரெண்டு காதுலயும் கேக்கற திறன் 60 டெசிபலுக்கு மேல கொறைஞ்சிருந்தா 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளி அட்டைக்கும் எழுதிப் போடுங்க.

கேள்வி: மாமனாருக்குக் காது கேக்கறதில்லைங்க. கத்தினா கோவிச்சுக்கறாரு, வாயை அகலமா தொறந்து ஒவ்வொரு எழுத்தா சொன்னாலும் புரியலைங்கறாரு. என்னதாங்க செய்யறது? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: ரெண்டையும் நிறுத்திப்போடுங்க அம்மிணி. கத்தினாலும் இழுத்தாலும் உதட்டு வடிவமே மாறிருது, அவர் அறுவது எழுவது வருஷமா பாத்த வாய் அது இல்ல. சமையல்கட்டுல இருந்து பேசாம, எதுக்க வந்து, நாலஞ்சு அடி தள்ளி நின்னு, மொதல்ல என்ன விசயம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு சாதாரணமா பேசுங்க. வெளிச்சம் உங்க மொகத்துல படோணும், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்னா அவருக்கு நீங்க வெறும் கருப்புதான். புரியலைன்னா அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாம வேற மாதிரி சொல்லுங்க. வெத்தலைய மென்னுக்கிட்டு யாரும் அவர்கிட்ட பேச வேண்டாம். உங்க ஊட்டுக்காரர் மீசை மேலுதட்டை மூடற ரகமா இருந்தா அதையும் கொஞ்சம் கத்தரிக்கச் சொல்லுங்க, மறுத்தார்னா அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தைய நீங்கதான் பாத்துக்கோணும்.