கிட்டாருக்குச் செருப்பு ஒட்டும் பசையா?

கேள்வி: சேலம் ஐந்து ரோடு அருகே குடியிருக்கிறேன். தாய்மாமா வாசித்த பழைய எலெக்ட்ரிக் கிட்டார் என் கைக்கு வந்தது. உடல் முழுவதும் மகோகனி மரம். பாலிஷ் உரிந்திருந்ததால், அதை நீக்கிப் புதிதாகப் போட்டுத் தரும்படி ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். பில்லில் 'மரத்துளை அடைத்தல்' என்று தனியாக 2,500 ரூபாய் போட்டிருக்கிறார்கள். இடையில் ஒரு நாள் போய்ப் பார்த்தபோது, அறுந்த செருப்பை ஒட்ட வீட்டில் வைத்திருப்போமே, அந்த சூப்பர் க்ளூவைத்தான் கிட்டார்மீது ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா?

பதில்: பசையைக் கண்டு பதற வேண்டாம். உங்கள் பட்டறைக்காரர் செய்தது கிட்டார் செய்வோரும் பழுது பார்ப்போரும் பல நாடுகளில் கையாளும் முறைதான். மகோகனி, ஈட்டி, தேக்கு போன்ற மரங்களை இழைத்துவிட்டு உற்றுப் பார்த்தால், ஊசியால் கீறியதுபோல நீளவாக்கில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும்; மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் அறுபட்டுத் திறந்து கிடக்கும் வாய்கள் அவை. அவற்றை அடைக்காமல் லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சை அடித்தால், ஒவ்வொரு பூச்சும் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே போகும். எத்தனை பூச்சு அடித்தாலும் கண்ணாடி போன்ற பரப்பு கிடைக்காது. மேப்பிள், ஸ்ப்ரூஸ் மரங்களில் இந்தத் தொல்லை இல்லை என்பதால், அவற்றுக்குத் துளை அடைத்ததாக யாராவது தனிக் கட்டணம் கேட்டால் அப்போது சந்தேகப்படுங்கள்.

தச்சுப் பட்டறைகளில் வழக்கமாகப் பூசும் பட்டி, நீரோ கரைப்பானோ உலரும்போது சுருங்கும். சில மாதங்கள் கழித்து மேற்பூச்சோடு சேர்ந்து உள்ளே அமுங்கி, துளைகளின் தடம் மறுபடியும் வெளியே தெரியும். சூப்பர் க்ளூவில், அதாவது சயனோஅக்ரிலேட்டில், ஆவியாகிப் போக வேண்டிய கரைப்பான் இல்லை; மரத்திலும் காற்றிலும் உள்ள ஈரம் பட்டதும் அதுவே இறுகிப் பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. ஆகையால் சுருக்கம் குறைவு. நிறமில்லாததால் மரத்தின் ரேகையும் மங்காது. (இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்த பொருள் இது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் குற்றத்தையே குணமாக்கி 1958இல் பசையாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.)

நீங்கள் கொடுத்த 2,500 ரூபாயில் பசையின் விலை சிறு பகுதிதான். மீதி, உப்புத்தாள் பிடித்த கைக்குக் கூலி. இறுகிய பசை மரத்தைவிடக் கடினமானது. துளைக்குள் இருப்பதை மட்டும் விட்டுவிட்டு, மேலே படிந்ததை மரத்தின் மட்டம் வரை சமமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அவசரக்காரர் தேய்த்தால், பசை உள்ள இடம் மேடாகவும் மரம் உள்ள இடம் பள்ளமாகவும் போய்விடும். ஆகவே, எதைப் பூசினார்கள் என்பதை விட்டுவிட்டு, எப்படித் தேய்த்தார்கள் என்பதைப் பாருங்கள். இரவில் அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு குழல் விளக்கின் ஒளி கிட்டாரின் பரப்பில் சாய்ந்து விழும்படி பிடியுங்கள். விளக்கின் பிம்பம் நேர்க்கோடாக ஓடினால் வேலை சுத்தம். ஓரம் நெளிந்தாலோ, ஊசிக்கீறல்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலோ, கூலிக்கேற்ற வேலை நடக்கவில்லை. மரத்துக்குச் சாயம் ஏற்றியிருந்தால் வெளிறிய திட்டுகள் உண்டா என்றும் கவனியுங்கள். மேலே பசை மிச்சமிருந்த இடத்தில் சாயம் பிடிக்காது.

குறை இருந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம், சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில்லில் 'இறக்குமதி எப்பாக்சி' (இரு திரவங்களைக் கலந்து இறுக வைக்கும் பிசின்) என்று எழுதிவிட்டு சூப்பர் க்ளூ பூசியிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது உங்கள் கோபம் நியாயமானது. உங்களுக்குப் பில் கிடைத்திருப்பதே நல்லது. பில் தராமல் இருப்பதையும் அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது.

கேள்வி: அம்மாபேட்டையில் இருக்கும் கல்லூரி மாணவன். மகோகனி உடல் கொண்ட கிட்டார் கிட் (தனித்தனிப் பாகங்களாக வருவதை நாமே பூட்டிக்கொள்வது) ஒன்றை வாங்கி, நானே துளை அடைத்துப் பாலிஷ் போடப் போகிறேன். பெட்டிக்கடையில் கிடைக்கும் 5 ரூபாய் ட்யூப் போதுமா, பெரிய பாட்டில் வாங்க வேண்டுமா?

பதில்: அரை கிராம் ட்யூப் 5 ரூபாய் என்றால் கிராம் 10 ரூபாய். பாட்டில் வாங்கும்போது விலையை எடையால் வகுத்து இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; கணக்கு உங்களுக்கே விளங்கிவிடும். ஒரு கிட்டார் உடலுக்கு 40 கிராம் செலவானாலும் 80 ட்யூப் வேண்டும். எண்பது முறை மூக்கை வெட்டி, எண்பது முறை பிதுக்குவதற்குள் முதலில் ஊற்றியது காய்ந்துவிடும். 20 கிராம் பாட்டில் இரண்டு வாங்குங்கள். ஒரே பெரிய பாட்டில் வேண்டாம். திறந்த பாட்டிலுக்கு ஆயுள் குறைவு.

கடையில் கேட்கும்போது தண்ணீர் போன்றதா, நடுத்தரமா, கெட்டியா என்று கேளுங்கள். தண்ணீர் போன்றது மரத்துக்குள் ஆழமாக ஓடிவிடும். துளையில் தங்குவது நடுத்தரம்தான். அதை உள்ளங்கை அகல இடத்தில் மட்டும் விட்டு, பழைய ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக் அட்டையால் ரேகைக்குக் குறுக்கே இழுத்து அழுத்துங்கள். நன்றாக இறுகிய பிறகு, மரக்கட்டையில் சுற்றிய 320ஆம் எண் உப்புத்தாளால் தேயுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். சீக்கிரம் இறுக வைக்கும் ஸ்ப்ரேயை அதிகமாக அடித்தால் பசை நுரைத்து வெள்ளையாகிவிடும்; கிட்டாருக்கு அது இல்லாமலே நடக்கும். உடலின் ஓரத்தில் வெளிர் நிற மரக்கீற்று பதித்திருந்தால், அதன்மேல் முன்கூட்டியே மெல்லிய அரக்கு பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பசை ஊறிக் கறுத்துவிடும்.

இன்னொன்று. நான் முதன்முதலில் இந்த முறையைப் பழகியது ஒரு தேக்குத் துண்டில். வழிந்த பசையைப் பழைய பருத்தி பனியன் துணியால் துடைத்தேன். இரண்டு நொடியில் துணி புகைந்தது. விரல் நுனி சுட்டுக் கொப்பளித்தது. பருத்தியோடு சேர்ந்தால் இந்தப் பசை கடும் வெப்பத்துடன் இறுகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பருத்திக் கையுறையும் பஞ்சும் பக்கத்தில் இருக்கவே கூடாது. பாலித்தீன் கையுறை போதும். ஆவி கண்ணை எரிக்கும். மொட்டை மாடியிலோ திண்ணையிலோ கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் அசிட்டோனோ, வெதுவெதுப்பான சோப்பு நீரோ விட்டு மெல்லப் பிரியுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். இதே வேலைக்காக இணையத்தில் வாங்கிய 50 கிராம் பாட்டிலைத் திறந்தால் பாதி ஜெல்லி. விற்பவர், திறந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார். மீதியைப் பூசினாலும் மரத்தைச் சுற்றி வெள்ளைப் படலம் படிகிறது.

பதில்: இரண்டும் வெவ்வேறு குறைகள். ஜெல்லியானது பழைய சரக்கு, அல்லது ஈரம் புகுந்த சரக்கு. திறக்காமல் அது யாருக்கும் தெரிய வழியில்லை என்பதே உங்கள் வாதம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் பாட்டிலின் படம், லேபிளில் அச்சான தயாரிப்பு மாதம், ஆண்டு ஆகியவற்றுடன் எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். லேபிளில் மாதமே இல்லை என்றால், அதையும் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் படலத்துக்கு விற்பவர் பொறுப்பல்ல. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வரும் ஊரில் இருக்கிறீர்கள். பசையிலிருந்து எழும் ஆவி ஈரக்காற்றில் இறுகி, பக்கத்திலேயே மாவு போலப் படிகிறது. வெயில் ஏறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, மின்விசிறியைத் தள்ளி வைத்து ஆவியை வெளியேற்றினால் குறையும். படிந்ததை உப்புத்தாளே எடுத்துவிடும். மாற்றுப் பாட்டில் வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில், மாத்திரைக் குப்பிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வேலைக்கு எடுக்கும் நாளில் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது வெளியே விடுங்கள். குளிர்ந்த பாட்டிலை உடனே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்து, அதுவும் ஜெல்லியாகிவிடும்.