வாய்ஸ்மெயில் டேட்டாபேஸுக்கு ரெப்ளிகேஷன் இருந்தால் பேக்கப் வேண்டாமா?

கேள்வி: ஆஸ்டெரிஸ்கில் (போன் சிஸ்டத்தை நடத்தும் மென்பொருள்) வரும் வாய்ஸ்மெயிலை ஓடிபிசி (டேட்டாபேஸோடு இணைக்கும் பாலம்) வழியாக மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் சேமிக்கிறோம். இரண்டாவது சர்வருக்கு ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் அங்கே நகலெடுப்பது) ஓடுகிறது. அதற்கு மேல் பேக்கப்பும் எடுக்க வேண்டுமா?

கட்டாயம் எடுங்கள். சர்வர் படுத்துவிட்டால் ரெப்ளிகேஷன் கைகொடுக்கும். தவறான கட்டளை ஒன்று ஓடிவிட்டால் கைகொடுக்காது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு போன் சிஸ்டத்தில், 90 நாள் தாண்டிய செய்திகளை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருந்தோம். செய்தி வந்த நேரம் அந்த டேபிளில் வினாடிக் கணக்கில், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய எண்ணாக இருக்கும். ஸ்கிரிப்டோ மில்லிவினாடியில் கணக்குப் போட்டிருந்தது. ஆயிரம் மடங்கு பெரிய எண்ணோடு ஒப்பிட்டால் இன்று காலை வந்த செய்தியும் பழையதுதானே! டேபிள் மொத்தமும் காலி. பதறிப்போய் ரெப்ளிகாவை, அதாவது நகல் சர்வரைத் திறந்தால் அங்கும் ஒரு வரிசை (ரோ) இல்லை. பின்தங்கல் 0 வினாடி என்று காட்டியது, அதாவது அழிப்பும் உடனே அங்கே போய்விட்டது. முந்தைய இரவு எடுத்த டம்பும் (டேட்டாபேஸின் முழு நகல்) அதற்குப் பிந்தைய பின்லாக்கும் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் கோப்பு) இருந்ததால்தான் பிழைத்தோம். அதற்கே ஒரு பகல் முழுக்கப் போயிற்று.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். தினமும் இரவு ஒரு டம்ப், வேறொரு இடத்தில். அதோடு பின்லாக் கோப்புகளையும் அந்த சர்வரை விட்டு வெளியே நகலெடுத்து வைக்கிறேன். டம்பைப் போட்டு, அழிப்பு ஓடிய நொடிக்கு முன்புவரை பின்லாக்கை ஓட்டினால் இடையில் வந்த செய்திகளும் கிடைத்துவிடும். கூடுதலாக ஒரு மெஷின் இருந்தால், சில மணி நேரம் வேண்டுமென்றே பின்தங்கி ஓடும் ரெப்ளிகா ஒன்றை வையுங்கள். மைஎஸ்கியூஎல் 5.6 முதலே இந்த வசதி உண்டு. தவறு கண்ணில் பட்டதும் அதை நிறுத்திவிட்டால் செய்திகள் அப்படியே இருக்கும்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சாதாரண வேவ் வடிவத்தில் ஒரு வினாடிக்கு 16,000 பைட், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. ஜிஎஸ்எம் சுருக்கம் உள்ள வேவ்49 என்றால் 100 கேபிக்கும் குறைவு. பழைய 5.7 சர்வரில் ஒரு பாக்கெட்டின் (ஒரே தடவையில் அனுப்பும் தரவு) இயல்பான உச்ச வரம்பு 4 எம்பி. ஐந்து நிமிடம் பேசிய வேவ் செய்தி அந்த வரம்பில் இடித்துக்கொள்ளும். 8.0-இல் அது 64 எம்பி. டம்பில் ஒலியை ஹெக்ஸாக (ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்து) எழுதினால் அளவு இரட்டிப்பாகும் என்பதால், மீட்கும் சர்வரிலும் வரம்பு போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்லாக் எதிர்பார்த்ததை விட வேகமாக வீங்குவதற்கும் காரணம் உண்டு. ஒரு செய்தியை அழித்தால் ஆஸ்டெரிஸ்க் மீதிச் செய்திகளுக்கு மறுபடி வரிசை எண் போடும். வரிசை முழுவதையும் பதியும் அமைப்பில், எண் மட்டுமே மாறினாலும் பழைய ஒலி, புதிய ஒலி என்று இரண்டு முறை பின்லாக்கில் ஏறும். தேவையில்லாத பிளாபை (ஒலி போன்ற பெரிய தரவு) விட்டுவிடும்படி மாற்றுங்கள். டேபிளுக்கு பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) இருந்தால்தான் அது பயன் தரும்.

இரண்டு சர்வரிலும் எழுதலாமே என்று தோன்றும். வாய்ஸ்மெயிலுக்கு அது வேண்டாம். ஒரே பெட்டிக்கு இரு பக்கமும் ஒரே நேரத்தில் செய்தி வந்தால், இரண்டுமே அடுத்த எண் 5 என்று எடுத்துக்கொள்ளும். கோப்புறையின் பாதையும் செய்தி எண்ணும் சேர்ந்து பிரைமரி கீயாக உள்ள டேபிளில் 1062 பிழை (ஒரே கீ இரண்டாவது முறை) வந்து ரெப்ளிகேஷன் நின்றுவிடும். தானாகக் கூடும் எண்களை இரு சர்வருக்கும் பிரித்துக் கொடுப்பதும் இங்கே உதவாது. இந்த எண்ணைப் போடுவது டேட்டாபேஸ் இல்லை, ஆஸ்டெரிஸ்க்.

எங்களுக்கு அந்த ஒரு பகல் போனதும் இந்த எண்ணால்தான். டம்பைச் சரிபார்ப்பதற்குள் புதிய செய்திகள் வந்து 0, 1, 2 என்று இடம் பிடித்துவிட்டன. பழையவற்றை நேராகத் திணித்தால் மோதும். தனி டேபிளில் இறக்கி, ஒவ்வொரு பெட்டியிலும் கடைசி எண்ணுக்கு அடுத்து என்று மாற்றித்தான் சேர்த்தோம். புதிய சர்வரில் மீட்பதாக இருந்தால் இன்னொன்று: ஒவ்வொரு வரிசையிலும் கோப்புறையின் முழுப் பாதை எழுதியிருக்கும். அங்கே ஸ்பூல் கோப்புறை (ஆஸ்டெரிஸ்க் வாய்ஸ்மெயிலுக்கு வைத்திருக்கும் இடம்) வேறு இடத்தில் இருந்தால், டேபிளில் எல்லாம் இருந்தும் போனில் 'செய்தி எதுவும் இல்லை' என்றுதான் வரும்.

வரவேற்புக் குரல்களும் அதே டேபிளில் -1 என்ற எண்ணோடு இருக்கின்றன. பழையதை அழிக்கும் எந்த ஸ்கிரிப்டிலும் அவற்றை விலக்கிவிடுங்கள். பெட்டியைத் திறக்கும் ரகசிய எண்கள் மட்டும், ரியல்டைம் டேபிளில் (ஆஸ்டெரிஸ்க் தன் அமைப்புகளை டேட்டாபேஸிலிருந்து படிக்கும் முறை) வைக்காவிட்டால், டேட்டாபேஸில் இருக்காது. ஒருவர் போனிலேயே தன் ரகசிய எண்ணை மாற்றினால் அது வழக்கமாக வாய்ஸ்மெயில் கான்ஃபிக் கோப்பில்தான் எழுதப்படும். அந்தக் கோப்பையும் தினசரி பேக்கப்பில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், மாதம் ஒரு முறையாவது ஒரு டம்பைச் சோதனை சர்வரில் ஏற்றி, போனை எடுத்து ஒரு பெட்டிக்குள் போய் செய்தியைக் காதால் கேளுங்கள். வரிசைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒலி பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம், கேட்டால்தான் தெரியும்.