வெட்டுமுகத்தைப் பாருங்கள்: மான்கொம்புக் கத்திப்பிடி – கேள்வி பதில்

மான்கொம்பில் கத்திப்பிடி போடுவது பற்றி கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம்.

கேள்வி: பழைய சாமான் கடையில் மான்கொம்புப் பிடி போட்ட கத்திக்கு 180 ரிங்கிட் கேட்கிறார்கள். அசல் கொம்பா, பிளாஸ்டிக்கா என்று அங்கேயே கண்டுபிடிக்க வழி உண்டா? – வாசகர், செந்தூல்

பதில்: உண்டு. ஆனால் கொம்பின் மேற்பட்டையின் சொரசொரப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். போலி செய்பவர் தன் திறமையெல்லாம் காட்டுவது அங்கேதான். கத்தியைத் திருப்பிப் பிடியின் பின்முனையைப் பாருங்கள். மான்கொம்பு எலும்பு. குறுக்கே வெட்டிய இடத்தில் சுற்றிலும் தந்த நிறத்தில் இறுகிய சுவரும், நடுவே பொடித்துளைகள் நிறைந்த சாம்பல் அல்லது பழுப்புச் சோறும் தெரியும். சுவர் இங்கே முடிகிறது, சோறு இங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும்.

நடுவில் சுத்தமான பொந்து இருந்து, அதன் சுவர் திடீரென்று முடிந்தால் அது மாட்டுக் கால் எலும்பு. வழுவழுப்பான அந்த எலும்பின்மேல் இயந்திரத்தால் பள்ளம் வெட்டி, பள்ளத்தில் சாயம் இறக்கி, மான்கொம்பு என்று விற்பது பழைய வித்தை. வெட்டுமுகம் முழுக்க ஒரே நிறமாக, துளையே இல்லாமல் இருந்தால் ரெசின், அதாவது அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக், என்று சந்தேகப்படலாம். கிளையின் நுனித்துண்டு மட்டும் விலக்கு. அதில் சோறு இயல்பாகவே மிகக் குறைவு.

பின்முனையைப் பித்தளை மூடியிருந்தால் இரு பக்கத் தகடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இயற்கைப் பள்ளங்கள் நீளவாக்கில் ஓடும், பிரியும், சேரும். ஒரு பக்கத்தில் இருப்பது அப்படியே மறுபக்கத்தில் வராது. வந்தால் அச்சில் வார்த்தது. 10 மடங்கு லென்ஸ் இருந்தால், மெருகேறிய இடத்தில் கறுப்புப் புள்ளிகளும் குட்டைக் கோடுகளும் தெரிகின்றனவா என்று தேடுங்கள். அவை ரத்தநாளம் ஓடிய தடங்கள். ரெசினில் அதற்குப் பதில் உருண்டையான காற்றுக் குமிழ்களோ, ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடோ இருக்கும்.

சூடான ஊசி கடைசி வழி. கடைக்காரர் சம்மதித்தால் மட்டும், மறைவான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உருகி ஊசி இறங்கும், ரசாயன நெடி வரும். எலும்பிலும் மான்கொம்பிலும் ஊசி இறங்காது; சிறு கருகல் தடமும் முடி தீயும் வாசனையும் வரும். ஆகவே இந்தச் சோதனை பிளாஸ்டிக்கை விலக்கும், மாட்டெலும்பை விலக்காது. தண்ணீரில் போட்டுப் பார்ப்பது வீண், ரெசினும் மூழ்கும்.

கேள்வி: எருமைக் கொம்பும் மான்கொம்பும் ஒன்றுதானே? எருமைக் கொம்புத் தகடு போட்ட என் கத்தியில் ஓரங்கள் தூக்கிக்கொண்டன. – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஒன்றல்ல. எருமை, மாடு, ஆடு ஆகியவற்றின் கொம்பு, நடுவிலுள்ள எலும்பின்மேல் உறைபோல வளரும் கெராட்டின். நம் நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனது. ஆயுள் முழுக்க விழாமல் வளரும். மான்கொம்பு முழுக்க எலும்பு; ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கும். கலைமானின் முறுக்குக் கொம்பு, பெயரில் மான் இருந்தாலும், எருமைக் கொம்பின் வகைதான்.

கெராட்டின் ஈரத்தை இழுத்து உப்பும், குளிர்சாதன அறையில் காய்ந்து சுருங்கும். சூடு பட்டால் இளகும். நம் ஊரில் ஒரே நாளில் இரண்டையும் அனுபவிக்கும் தகடு வளைவதில் வியப்பில்லை. தகட்டைக் கழற்றி, பின்புறத்தைச் சமமாகத் தேய்த்து, நடுவில் மட்டுமல்லாமல் இரு முனையிலிருந்தும் 10 மில்லிமீட்டருக்குள் ஆணி வருகிற மாதிரி மறுபடி பொருத்துங்கள்.

கேள்வி: ஜார்ஜ்டவுன் சீன மருந்துக் கடைகளில் விற்கும் மான்கொம்பு வில்லைகள் பிடிக்கு உதவுமா? – வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: உதவாது. அது வெல்வெட் தோல் போர்த்திய பிஞ்சுக் கொம்பை அறுத்துக் காயவைத்தது. சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகுவதற்கு முன்பே வெட்டியது என்பதால் பிடிக்குத் தேவையான கெட்டியான சுவரே அதில் கிடையாது. கிராம் கணக்கில் காசு கொடுத்து வாங்கிப் பாழாக்க வேண்டாம்.

கேள்வி: எந்த மானின் கொம்பு நல்லது? கொம்பில் எந்தப் பகுதி எந்தக் கத்திக்கு? – வாசகர், கெப்போங்

பதில்: கத்தி செய்பவர்கள் முதலிடம் தருவது கடமானுக்கு. கத்திக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் ஒரு காலத்தில் இந்தியக் கடமான் கொம்பைத்தான் தேடி வாங்கினார்கள். காரணம் அழகு மட்டுமல்ல: சுவர் தடிமன், சோறு குறைவு, பட்டை ஆழமானது. புள்ளிமான் கொம்புக்கும் மூன்று கிளைதான், ஆனால் மெலிந்தது, பட்டையும் வழுவழுப்பு. எல்க் கொம்பு பார்க்கப் பிரமாதமாக இருக்கும். தண்டை அறுத்தால் பாதிக்கு மேல் சோறு. செம்மான் கொம்பு கடமானுக்கும் எல்க்குக்கும் நடுவில். மூஸ், ஃபேலோ மான்களின் கொம்பு அகன்று தட்டையானது, தகட்டுக்கு மட்டும் ஆகும்.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் 12 சென்டிமீட்டர் துண்டாக அறுத்த பிறகு எந்த மான் என்று கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. விற்பவர் ‘கடமான்’ என்று சொல்வதை விட அந்தத் துண்டின் சுவர் எவ்வளவு என்பதே முக்கியம். துணிக்கடைத் தையல் அளவுப்பட்டை வேண்டாம், கேலிப்பரை எடுத்துப் போங்கள்.

முழுப் பிடி, அதாவது கத்தியின் வால் (அலகின் பின்னால் நீளும் ஒடுங்கிய பகுதி) உள்ளே நுழையும் பிடி என்றால் 110 முதல் 120 மில்லிமீட்டர் நீளம், 25 முதல் 30 மில்லிமீட்டர் விட்டம் பாருங்கள். வால் நுழையும் முனையில் துளை போட்ட பிறகும் எல்லாப் பக்கமும் 5 மில்லிமீட்டர் கெட்டிச் சுவர் மிஞ்ச வேண்டும். தலையோட்டோடு ஒட்டியிருந்த அடிப்பகுதியில் வளையம் வளையமாக முண்டு இருக்கும். அந்த முண்டைப் பின்முனையாக வைத்தால் கை வழுக்காது. தானாக விழுந்த கொம்பில் அந்த அடி குவிந்து மேடாக இருக்கும். தட்டையாக ரம்பத் தடம் இருந்தால் மண்டையிலிருந்து அறுத்தது. கிளை நுனி சின்னப் பழக்கத்திக்குப் போதும்.

பக்கத் தகடு என்றால் கணக்கு வேறு. அலகு 3.5 மில்லிமீட்டர், இரு பக்கமும் 8 மில்லிமீட்டர் வைத்தால் பிடி 19.5 மில்லிமீட்டர் வரும், கைக்கு அடக்கம். ஆகவே தகட்டில் பட்டை உட்பட 8 மில்லிமீட்டருக்கு மேல் கெட்டி வேண்டும். பின்புறத்தைத் தேய்க்கும்போது நடுவில் ஓரிடத்தில் சோறு எட்டிப் பார்த்தால் பரவாயில்லை. நீர்போல் ஓடும் சூப்பர் குளூவை ஊற்றி இறுக்கிவிடலாம். ஓரத்தில் சோறு வந்தால் அந்தத் தகட்டை ஒதுக்குங்கள், அங்கேதான் பிசிறும். லேசான வளைவை 20 நிமிடம் கொதிநீரில் போட்டு, இரு பலகைக்கு நடுவே கிளாம்ப் போட்டு, முழுதும் காயும்வரை விட்டால் ஓரளவு நிமிர்த்தலாம். ஓரளவுதான்.

வெளுத்து, சுண்ணாம்பு போல் தூள் உதிர்ந்து, நீளவாக்கில் மயிரிழை விரிசல் விட்ட கொம்பு வெயிலில் கிடந்தது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். விரலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, தொளதொளவென்று கேட்டால் உள்ளே விரிசல்.

இங்கே சுலபமாகக் கிடைக்கும் இடத்தைப் பலர் யோசிப்பதில்லை: செல்லப்பிராணிக் கடை. நாய் கடிக்க விற்கும் கொம்பு அசல் மான்கொம்பு. பாதியாகப் பிளந்த துண்டை எடுத்தால் சுவர், சோறு எல்லாம் கண்முன் தெரியும். ரசீதும் கிடைக்கும். அந்த ரசீதை ஏன் பத்திரப்படுத்த வேண்டும் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: தோட்டத்து வீட்டில் தாத்தா மாட்டி வைத்த மான்கொம்பு இருக்கிறது. அறுத்துப் பிடி போடலாமா? ஊரிலிருந்து மாமா ஒன்று கொண்டு வருவதாகவும் சொல்கிறார். – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ரம்பத்தைக் கீழே வையுங்கள். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 716) உயிருள்ள மிருகத்துக்கு மட்டுமல்ல, அதன் உடற்பாகத்துக்கும் பொருந்தும். நம் காட்டுக் கடமானும் கேளையாடு என்ற சின்ன மானும் அதில் அடங்கும். தாத்தா காலத்தது என்று சொன்னால் மட்டும் போதாது. படம் எடுத்துக்கொண்டு செராஸில் உள்ள பெர்ஹிலிதான் (வனவிலங்குத் துறை) தலைமையகத்துக்கோ, பினாங்கில் இருந்தால் மாநில அலுவலகத்துக்கோ போய்க் கேளுங்கள். அறுத்த பிறகு அது எந்த மான், எப்போது கிடைத்தது என்று யாருக்கும் நிரூபிக்க முடியாது. செல்லப்பிராணிக் கடை ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னதும் இதற்காகத்தான்.

மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. மான்கொம்பு ஏற்றுமதிக்கும் பல ஆண்டுகளாகத் தடை. கீழே விழுந்து பொறுக்கியது என்றாலும் விமான நிலையத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. வேறு நாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பதானாலும், விலங்குப் பொருளுக்கு மாகிஸ் (மலேசியத் தனிமைப்படுத்தல், சோதனைத் துறை) அனுமதி வேண்டுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

கேள்வி: பிடி போட்டு மூன்று மாதத்தில், வால் நுழையும் பிடியின் வாயில் இடைவெளி, பழுப்புக் கசிவு, பிறகு நீளவாக்கில் விரிசல். ஐந்து நிமிட எப்போக்சிதான் போட்டேன். – வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: பழுப்புக் கசிவு துரு. ஈரம் உள்ளே போய் வால் துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பை விட அதிக இடம் அடைக்கும், அது உள்ளிருந்து நெம்பிப் பிடியைப் பிளந்துவிட்டது. ஈரம் போக வழி கொடுத்தது மூன்றில் ஒன்று: காயாத கொம்பு, சுத்தம் செய்யாத சோறு, சரியாக நிரம்பாத பசை. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

கொம்பைத் துண்டாக்கிய பின் சமையல் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நிற்கும்வரை கை வைக்காதீர்கள். அடுத்து 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் நடுத்துளை போட்டு, உடைந்த ஹேக்ஸா பிளேடை அரம்போல் பயன்படுத்தி வாலின் வடிவத்துக்குப் பெரிதாக்குங்கள். துளைச் சுவரில் ஒட்டியிருக்கும் தளர்ந்த சோற்றைச் சுரண்டி எடுங்கள். அசிட்டோனில் கொழுப்பு நீக்கி, காய்ந்ததும் நீர்த்த சூப்பர் குளூவை ஊற விடுங்கள். வாலின் ஓரத்தில் அரத்தால் நாலைந்து வெட்டு போட்டால் பசை பிடித்துக்கொள்ளும்.

ஐந்து நிமிட எப்போக்சி இதற்கு வேண்டாம். குமிழ் வெளியேறுமுன் இறுகிவிடும். 24 மணி நேர வகையை எடுங்கள். பிடியின் வாய் மேலே பார்க்க வைஸில் நிறுத்தி, குச்சியால் அடிவரை பசையை இறக்கி, வாலை மேலும் கீழும் அசைத்து நுழையுங்கள். காற்று வந்து முடியும்வரை அசையுங்கள். அலகுக்கு டேப் சுற்ற மறக்காதீர்கள். 3 மில்லிமீட்டர் பித்தளை ஆணிக்கு 3.1 மில்லிமீட்டர் துளை; இறுக்கமாக அடித்தால் அங்கிருந்தே விரிசல் ஓடும். வாலில் துளையை எஃகைப் பதப்படுத்துவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

பாராங்குக்கு மரப்பிடி போடும்போது சிலர் வாலைச் சூடாக்கி எரித்து இறக்குவார்கள். மான்கொம்பில் அதைச் செய்தால் உள்சுவர் கருகிப் பொரிந்துவிடும்.

தேய்க்கும்போதும் இதே எச்சரிக்கை. புதிய 60 நம்பர் உப்புத்தாள், குறைந்த வேகம், அடிக்கடி தண்ணீரில் நனைத்தல். பிறகு 120, 220, 400. மெஷின் சூடேறினால் கொம்பு மஞ்சளாகும், முடி தீயும் நாற்றம் ஏறும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து வையுங்கள். தூசு நுரையீரலுக்குக் கேடு, என்95 முகக்கவசம் கட்டாயம்.

கேள்வி: நாய்க்கடையில் வாங்கிய கொம்பு வெளிறி இருக்கிறது. பழைய பழுப்பு நிறம் எப்படிக் கொண்டுவருவது? – வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பொட்டாசியம் பர்மாங்கனேட். அரை டம்ளர் வெந்நீரில் கால் தேக்கரண்டி, கையுறையோடு. பழைய பிரஷ்ஷால் பட்டையில் தடவினால் ஊதாவாக இருப்பது சில நிமிடத்தில் பழுப்பாகும். காய்ந்ததும் நிறம் போதாவிட்டால் மறுபடி ஒரு கை. பிறகு 400 நம்பர் தாளால் மேடுகளை மட்டும் தடவினால் மேடு வெள்ளையாகவும் பள்ளம் கறுப்பாகவும் நிற்கும். மெருகுக்குத் தேன்மெழுகு போதும். நிறம் சரியில்லை என்று குளோரின் பிளீச்சில் போடாதீர்கள், கொம்பின் கொலாஜன் கரைந்து தூள் உதிரும். பர்மாங்கனேட் பொடியைக் கிளிசரின் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.