தேனீக்கு ‘நல்ல பாக்டீரியா’ பவுடர் வாங்க வேண்டுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் 30 பெட்டி இந்தியத் தேனீ வைத்திருக்கிறேன். மழை தொடங்கியதும் பெட்டிகள் மெலிகின்றன, சிலவற்றில் அடையில் வளரும் தேனீப் புழுக்கள் சாகின்றன. சீனிப் பாகில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கலந்து 5 நாள் கொடுங்கள், பிறகு ‘நல்ல பாக்டீரியா’ பவுடர் கொடுங்கள், குடல் சரியாகிவிடும் என்கிறார் ஏஜெண்ட். முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

தேனீயின் குடலில் நல்ல பாக்டீரியா இருக்கிறது என்று அவர் சொல்வது உண்மைதான். செத்த பணித்தேனீ ஒன்றை எடுத்து, வயிற்றின் கடைசிக் கண்ணியை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். குடல் நூல்போல வரும். அதன் பின்பகுதி மட்டும் மஞ்சளும் பழுப்புமாக உப்பியிருக்கும். தேனீ தானே செரித்தது போக மிஞ்சிய மகரந்தச் சக்கை அது. ஏறக்குறைய 100 கோடி பாக்டீரியாக்கள் குடியிருப்பதும் அங்கேதான். மகரந்தச் சுவரில் உள்ள பெக்டின் என்ற பசையைத் தேனீயால் உடைக்க முடியாது. கில்லியமெல்லா என்ற பாக்டீரியா அதை உடைக்கிறது. அப்போது உண்டாகும் அமிலங்களைத் தேனீயின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. தேனீக்கு நஞ்சாகும் மேனோஸ் என்ற சர்க்கரையைக்கூட கில்லியமெல்லாவில் சில வகைகள் தின்று தீர்க்கும். இந்தப் பாக்டீரியாக்கள் இல்லாமல் வளர்த்த தேனீக்கள் எடை குறைந்து இருந்ததை 2017இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, இவை எங்கிருந்து வருகின்றன? அறையை உடைத்துக்கொண்டு வெளியே வரும் இளம் தேனீயின் குடலில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. வெளிறிய மயிரோடு அடைமேல் தள்ளாடி நடக்கும் அந்தக் குஞ்சு, மூத்த தேனீக்களிடமிருந்தும் பழகிய அடையிலிருந்தும் முதல் நாலைந்து நாளில் இவற்றைப் பெற்றுக்கொள்கிறது. அதனால் ஒரு பெட்டியை இரண்டாகப் பிரிக்கும்போது மூடிய புழு அடையை மட்டும் தூக்கி வைக்காதீர்கள். அடை நிறைய மூத்த தேனீக்களும் கூடப் போக வேண்டும். காசு செலவில்லாத ‘நல்ல பாக்டீரியா’ அதுதான்.

இனி அந்த மாத்திரை. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தேனீக்களுக்கு 5 நாள் டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியாக்கள் சரிந்தன. திரும்பப் பெட்டியில் விட்டபோது, மருந்து தின்னாதவற்றைவிட இவைதான் அதிகம் செத்தன. அது ஐரோப்பியத் தேனீ. நம் தேனீயின் குடலிலும் இதே பாக்டீரியாக் குடும்பங்கள்தான். ஏஜெண்ட் முதலில் இருப்பதை அழிக்க ஒரு பொருளை விற்கிறார், அப்புறம் அழிந்ததை நிரப்ப இன்னொன்றை விற்கிறார். பவுடரில் பெரும்பாலும் இருப்பது கோழி, மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் வகைப் பாக்டீரியா. அது தேனீக் குடலில் தங்காது. மாத்திரையின் எச்சமோ தேனில் தங்கும். இந்தியத் தேனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் கதவடைத்ததற்கு இந்த எச்சங்களும் ஒரு காரணம்.

மாத்திரைக்கு இடமே இல்லையா என்றால், ஓரிடம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். செத்த புழுவை இடுக்கியால் தூக்குங்கள். தலை மேலே நிமிர்ந்தபடி இருந்து, தண்ணீர்ப் பைபோல முழுசாக வந்தால் அது சாக்புரூட் வைரஸ். 1990களின் தொடக்கத்தில் நம் பக்கத்துப் பெட்டிகளைக் காலி செய்த அதே நோய். வைரஸுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் உதவாது. அறை மூடுவதற்கு முன்பே புழு மஞ்சளாகிச் சுருண்டு கிடந்து, புளிப்பு வாடை அடித்தால் அது பாக்டீரியா நோயாக இருக்கலாம். அதற்கு மட்டும், சோதனையில் உறுதியான பிறகு, நிபுணர் அளவு சொன்னால், தேன் எடுக்காத காலத்தில் கொடுக்கலாம். பையா, சுருளா என்று கண்ணால் பார்க்காமல் ஒரு மாத்திரையையும் பிரிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்குச் சாக்புரூட் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

உறுதி செய்ய எங்கே போவது என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மானியத்தில் பெட்டி கொடுக்க ஆள் உண்டு, படம் எடுக்க ஆள் உண்டு. ஆடி மழையில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க ஒருவர் வருவதில்லை. ஒருமுறை நான் சோதனைக்கு அனுப்பிய புழுக்களுக்கு முடிவு வந்தபோது பெட்டியில் தேனீயே இல்லை. இந்த இடைவெளியில்தான் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: புழு சாகும் பெட்டிகளைத் தள்ளி வையுங்கள். அவற்றின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடாமல் நிறுத்துங்கள். செத்த புழுக்களைத் தேனீக்கள் சுத்தம் செய்யட்டும். தப்பித்த பெட்டிகளிலிருந்து மட்டும் அடுத்த ராணியை எடுங்கள். மெலிவுக்கு வெறும் சீனி போதாது, சீனியில் புரதம் இல்லை. கொழுப்பு நீக்கிய சோயா மாவைப் பொடித்த சீனியோடும், நோயில்லாத உங்கள் பெட்டியின் தேனோடும் பிசைந்து சட்டங்களின்மேல் வையுங்கள். கடைத்தேன் வேண்டாம், நோய் அதோடு வரலாம். கருப்பட்டி, வெல்லம் கரைத்து ஊற்றாதீர்கள், பேதியாகும்.