காற்று எந்தப் பக்கம் போகிறது? ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் பற்றிக் கேள்வி பதில்

மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரத்து ஆஸ்பத்திரிகளுக்குக் காற்றோட்ட வேலை செய்து கொடுக்கும் பொறியாளன் நான். காசநோய், தட்டம்மை, சின்னம்மை, கோவிட் மாதிரி காற்றில் பரவும் நோய்களைக் கட்டடத்துக்குள் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மாத்திரை, ஊசி பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். அது என் வேலை இல்லை.

மேலூரிலிருந்து ஒரு டாக்டர்: நான் நோயாளிகளைப் பார்க்கும் அறை 12க்கு 10 அடி, உயரம் 10 அடி. ஸ்பிளிட் ஏசி இருக்கிறது. இருமலோடு நிறையப் பேர் வருகிறார்கள். ஏசியே காற்றை வடிகட்டிவிடும்தானே?

வடிகட்டாது டாக்டர். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதே இல்லை. உள்ளே இருக்கும் வலை தூசியைப் பிடிக்கும், அவ்வளவுதான். இருமலில் வந்து ஈரம் காய்ந்து மிதக்கும் துகள்கள் 5 மைக்ரானுக்கும் சிறியவை. அந்த வலையில் அவை நிற்காது. ஜன்னலையும் சாத்திவிட்டால், ஒன்பது மணி நோயாளி இருமிவிட்டுப் போனதைப் பத்து மணி நோயாளி சுவாசிப்பார். நீங்கள் காலை முழுக்கச் சுவாசிப்பீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் அறை 1200 கன அடி, அதாவது 34 கனமீட்டர். காற்றில் பரவும் நோயாளியைத் தங்கவைக்கும் அறையில் மணிக்கு 12 தடவை காற்று மாற வேண்டும் என்பது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் அளவு. அதையே உங்கள் அறைக்கும் இலக்காக வையுங்கள். 34ஐ 12ஆல் பெருக்கினால் மணிக்கு 408 கனமீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும்போது எத்தனை கனமீட்டர் தள்ளும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். அது தடையில்லாத இடத்தில் அளந்த கணக்கு. சுவரில் மாட்டி, வெளியே ஷட்டரும் போட்டால் குறைந்துவிடும். அதனால் ஒரு சைஸ் பெரியதாகவே வாங்குங்கள்.

ஜன்னலை நம்பினால் இன்னும் தாராளம். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால், சின்னத் திறப்பின் பரப்பு, காற்றின் வேகம், 0.65, 3600 இந்த நான்கையும் பெருக்கினால் மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்று வரும் என்று தெரிந்துவிடும். ஒரு சதுர மீட்டர் திறப்பு, வினாடிக்கு அரை மீட்டர் என்று லேசான காற்று, அதற்கே 1170 கனமீட்டர் வருகிறது. உங்கள் அறையில் மணிக்கு 34 தடவை காற்று மாறும்! காசு செலவழித்து மெஷின் வைத்தாலும் இது சுலபத்தில் கிடைக்காது.

அப்புறம் நாற்காலி. வெளிக்காற்று முதலில் உங்கள் முதுகுப் பக்கம் வந்து, உங்களைத் தாண்டி, நோயாளியைத் தொட்டு, அவருக்குப் பின்னால் வெளியே போக வேண்டும். நிறைய கிளினிக்குகளில் இது தலைகீழாக இருக்கிறது: டாக்டர் மூலையில், நோயாளி ஜன்னலோரம். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி நோயாளி உட்காரும் இடத்தில், வாய் உயரத்தில் பிடியுங்கள். புகை உங்கள் மேஜைப் பக்கம் வந்தால் நாற்காலிகளை மாற்றிப் போடுங்கள். சாயங்காலம் ஒரு தடவையும் பார்த்துவிடுங்கள், காற்றின் திசை மாறியிருக்கும்.

ஏசியை விற்றுவிடச் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் அது இல்லாமல் முடியாது என்று எனக்கும் தெரியும். எக்ஸாஸ்டும் ஓடட்டும், கதவுக்குக் கீழே காற்று வர இடம் இருக்கட்டும். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும். ஏறட்டும்.

ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்: தனி அறையிலிருந்து காசநோயாளியை மாற்றிய பிறகு, அடுத்தவரை எப்போது விடலாம்?

அறையில் காற்று எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்தது சிஸ்டர். மணிக்கு 12 தடவை மாறினால் 99 சதவீதத் துகள் வெளியேற 23 நிமிடம், 99.9 சதவீதத்துக்கு 35 நிமிடம். 6 தடவைதான் என்றால் 46 நிமிடம், 69 நிமிடம். ஜன்னல் சாத்திய அறையில் 2 தடவை மாறினாலே பெரிய விஷயம்; அங்கே 99 சதவீதத்துக்கே 138 நிமிடம் ஆகும். அதுவரை சுத்தம் செய்யப் போகும் அக்காமாருக்கும் நுண்துகளை வடிகட்டும் என்95 மாஸ்க் வேண்டும். பெரும்பாலும் அவர்களுக்குத்தான் யாரும் கொடுப்பதில்லை.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி: அம்மாவுக்குக் காசநோய், வார்டில் கூட இருக்கிறேன். தட்டு, டம்ளர் தனியாக வைக்கச் சொல்கிறார்கள். நானும் என்95 போடவா?

தட்டிலும் டம்ளரிலும் காசநோய் வராது தம்பி. மூச்சுக்காற்றில்தான் வரும். அம்மாவுக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க், உங்களுக்கு என்95. மாற்றிப் போட்டு விடாதீர்கள். அம்மாவின் மாஸ்க் வெளியே வருவதைத் தடுக்க, உங்களுடையது உள்ளே போவதைத் தடுக்க. வால்வு வைத்த மாஸ்க்கை நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சு வடிகட்டாமல் வெளியே வந்துவிடும். தாடி இருந்தால் என்95 முகத்தில் ஒட்டாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயந்து அம்மாவை ஒதுக்கிவிட வேண்டாம். 1950களின் கடைசியில் சென்னையில் ஒரு ஆய்வு நடந்தது: ஒரு பகுதி காசநோயாளிகளை சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியிலும், மற்றவர்களை வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போக ஆரம்பித்ததும் பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். ஆனால் நோய் தெரிவதற்கு முன்னாலேயே வீட்டில் பரவியிருக்கலாம். எல்லோரும் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கே.கே. நகரில் நர்சிங் ஹோம் நடத்துபவர்: ஒரே அறையைத் தேவைப்பட்டால் தொற்று அறையாகவும், மற்ற நாளில் சர்ஜரி முடிந்தவர்களுக்கான சுத்த அறையாகவும் சுவிட்ச் போட்டு மாற்றிக்கொள்ள முடியுமா?

முடியும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள் சார். நான் செய்து தர மாட்டேன். தொற்று அறையில் காற்றழுத்தம் வராந்தாவைவிடக் குறைவாக இருக்க வேண்டும், குறைந்தது 2.5 பாஸ்கல் (அழுத்தத்தின் அளவு) வித்தியாசம். கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகும். ஆபரேஷன் தியேட்டரில் நேர்மாறு, உள்ளிருந்து வெளியே தள்ளும். யாரோ ஒருவர் ராத்திரி சுவிட்சைத் தவறாகப் போட்டால், காசநோயாளியின் அறை வராந்தாவுக்குக் காற்றை ஊதிக்கொண்டிருக்கும், காலை வரை யாருக்கும் தெரியாது.

தொற்று அறை கட்டிய பிறகு தினமும் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பரை வெளியிலிருந்து காட்டுங்கள். உள்பக்கம் இழுத்தால் சரி. வெளியே விசிறினால் அறையைப் பூட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மீட்டர் இருந்தாலும் இதையும் செய்யுங்கள், மீட்டர் பொய் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸாஸ்ட் எங்கே முடிகிறது என்பதையும் பாருங்கள். ஒரு இடத்தில் தொற்று அறையின் ஃபேன் நேராகப் பின்பக்க சந்தில் திறந்திருந்தது. அதற்குக் கீழே கூட வந்தவர்கள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் நடமாட்டத்திலிருந்தும், வெளிக்காற்றை உள்ளிழுக்கும் வாயிலிருந்தும் 25 அடியாவது தள்ளி, மாடிக்கு மேலே விட வேண்டும். முடியாவிட்டால் நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாக விடுங்கள்.

காசநோயாளிக்கே ஆபரேஷன் என்றால்? தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடலாம். முடியாவிட்டால் அன்றைய கடைசி கேஸாக வைத்து, நடுவில் கதவைத் திறக்காமல் செய்ய வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து: கிருமி சாக வாரம் ஒரு தடவை அறையில் ஃபார்மலின் புகை போடுகிறோம். போதுமா?

போதாது, தேவையும் இல்லை. புகை போட்டு முடித்த பத்தாவது நிமிடம் ஒருவர் உள்ளே வந்து இருமினால் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. அந்தப் புகையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் வேறு. அந்தக் காசில் ஃபில்டரை மாற்றுங்கள்.

லேப் டெக்னீஷியன் ஒருவர்: காற்றில் இருக்கும் கிருமியைக் கொல்ல யூவி (புற ஊதா) விளக்கு நல்லதா?

நல்லது, மாட்டும் விதத்தில் மாட்டினால். 254 நானோமீட்டர் ஒளி, தரையிலிருந்து ஏழு அடிக்கு மேலே, கூரைப் பக்கம் மட்டும் விழ வேண்டும். சீலிங் ஃபேன் மெதுவாக ஓடிக் காற்றை மேலே கொண்டுபோக வேண்டும். ஆள் இருக்கும்போது கண்ணில் பட்டால் மணல் விழுந்தாற்போல் எரியும். ஐப்பசி மழையில் காற்று ஈரமாக இருக்கும்போது இதன் வேலை கொஞ்சம் மந்தமாகும். தூசி படிந்த பல்பு வெறும் நீல விளக்கு.

ஆர்க்கிடெக்சர் படிக்கும் மாணவி: பழைய ஆஸ்பத்திரி வார்டுகளில் கூரை அவ்வளவு உயரமாக இருப்பது வெயிலுக்காகத்தானா?

வெயிலுக்கு மட்டும் இல்லையம்மா. பெரு நாட்டின் லிமாவில் ஆஸ்பத்திரிகளை அளந்து 2007இல் ஒரு ஆய்வு வந்தது. ஜன்னல்களைத் திறந்துவைத்தபோது, உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய வார்டுகளில், மெஷின் வைத்த புதிய தொற்று அறைகளைவிடக் காற்று அதிகம் மாறியது. நம் ஊரில் என்ன செய்கிறோம்? வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்து ‘சென்ட்ரலைஸ்டு ஏசி’ என்று போர்டு மாட்டுகிறோம்.

திட்டம் வரையும்போது காற்று வரும் பக்கத்தைப் பாருங்கள். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் வாடை. ஒரு பருவத்தை மட்டும் நம்பி வார்டுக்குக் காற்று வரும் பக்கம் இதுதான் என்று முடிவு செய்தால், மறுபருவத்தில் காசநோய் வார்டின் காற்று மகப்பேறு வார்டுக்குப் போகும். ஸ்லைடிங் ஜன்னல் வேண்டாம், எப்போதும் பாதிதான் திறக்கும்.

வாடிப்பட்டியிலிருந்து: ஜன்னலைத் திறந்தால் கொசு. டெங்கு வந்தால் என்ன செய்ய?

வலை போடுங்கள், வேறு வழியில்லை. வலை காற்றைக் குறைக்கும். அதனால் ஜன்னலைப் பெரிதாக வையுங்கள். தூசி அடைத்த வலை பாதிச் சுவர் மாதிரி, மாதம் ஒரு தடவை கழற்றிக் குழாயடியில் கழுவ ஆள் வையுங்கள். கழற்ற முடியாதபடி ஆணி அடித்து வைப்பவர்கள்தான் அதிகம். வெல்க்ரோ வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.