ட்ரம்பெட்டைக் கழற்றும் முன்: கேள்வி பதில்

இருபத்தைந்து வருடமாக ட்ரம்பெட் ஊதுகிறேன். ஊதிய நேரத்தைவிட அதைக் கழற்றி மாட்டிய நேரம்தான் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள், அது உண்மைதான். நான் தொழில்முறை ரிப்பேர்காரன் இல்லை. கையில் பதினோரு கருவிகள் இருக்கின்றன, அவற்றில் ஏழு ஒழுங்காக ஊதும். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஒரு மாதமாக என் ட்ரம்பெட் அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. சில சுரங்கள் சுத்தமாக வருகின்றன, சில வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. வேறு கருவி வாங்கிவிடலாமா அண்ணா?

பொறுங்கள், வாங்க வேண்டாம். எல்லாச் சுரமும் கெட்டிருந்தால் உள்ளே அழுக்கா, உதடு களைத்துவிட்டதா என்று யோசிப்பேன். சிலது மட்டும் கெட்டால் முதல் சந்தேகம் காற்றுக் கசிவுதான். குழாய்க்குள் ஒவ்வொரு சுரத்துக்கும் காற்றழுத்தம் ஏறி இறங்கும் இடங்கள் வேறு வேறு. ஓட்டை இருக்கும் இடத்தில் அழுத்தம் ஆடாத சுரத்துக்கு ஒன்றும் ஆகாது. அழுத்தம் அதிகம் ஆடுகிற சுரம் அங்கேயே செத்துவிடும்.

டியூனிங் ஸ்லைடின் (சுருதி சேர்க்க உள்ளே வெளியே தள்ளும் குழாய்) வளைவில் தண்ணீர் வெளியேற்றும் சாவி இருக்கிறதே, அதைத் தூக்கி அடியில் உள்ள தக்கையைப் பாருங்கள். நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்து, ஓரம் பிய்ந்திருக்கிறதா? இல்லாவிட்டாலும் ஒரு சோதனை செய்யுங்கள். தக்கையைச் சுற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு ஊதுங்கள், குமிழி வருகிறதா என்று வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கேள்வி: உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸ் குழாயில் இறுகி மாட்டிக்கொண்டது. குறடு போட்டுத் திருகலாமா?

கூடாது. நான் திருகியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மவுத்பீஸ் அசையவில்லை, அது நுழைந்திருக்கும் முதல் குழாயான லீட்பைப்தான் அசைந்தது. அதைப் பெல்லோடு, அதாவது முன்னால் விரிந்திருக்கும் வாயோடு, பிடித்து வைத்திருக்கும் குறுக்குத் தாங்கியின் பற்று 'டிக்' என்று விட்டுப்போனது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மவுத்பீஸ் நுழையும் இடத்தில் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் அதன் கப்பில் (உதடு பதியும் குழியில்) ஒரு பனிக்கட்டித் துண்டைச் சில நிமிடம் வைத்துவிட்டு, மவுத்பீஸ் இறங்கியிருக்கும் குழலைச் சுற்றிச் சின்ன மரக் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு கையால் திருகிப் பாருங்கள். வராவிட்டால் அதைக் கழற்றும் கருவியான மவுத்பீஸ் புல்லர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். அரை நிமிட வேலை அது. அடுத்த முறை மாட்டும்போது உள்ளங்கையால் தட்டாதீர்கள். மாட்டி லேசாகத் திருகினாலே போதும்.

கேள்வி: கீழே இருக்கும் டி, சி ஷார்ப் இரண்டும் எப்போதும் சுருதி ஏறியே வருகின்றன. என் உதட்டில் குறையா, கருவியிலா?

இரண்டிலும் இல்லை, கணக்கில் குறை. இது எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பி ஃபிளாட் ட்ரம்பெட்டின் குழாயை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 148 செ.மீ. வரும். சுருதியை அரைச்சுரம் இறக்க, இருக்கும் நீளத்தில் சுமார் 6 சதவீதம் சேர்க்க வேண்டும். வால்வு என்பது விரலால் அழுத்தினால் கூடுதல் குழாயைச் சேர்க்கும் பொத்தான். இரண்டாவது வால்வு அதைச் செய்கிறது, கிட்டத்தட்ட 9 செ.மீ. முதல் வால்வு முழுச்சுரம் இறக்க 18 செ.மீ. மூன்றாவது ஒன்றரைச் சுரத்துக்கு 28 செ.மீ.

தனித்தனியாக அழுத்தினால் மூன்றும் சரி. சேர்த்து அழுத்தும்போதுதான் சிக்கல். ஒரு வால்வை அழுத்தியதுமே குழாய் நீண்டுவிடுகிறது. நீண்ட குழாய்க்கு அதே 6 சதவீதம் என்றால் கூடுதல் செ.மீ. வேண்டும். அடுத்த வால்வுக்கு அது தெரியாது, தன்னிடம் இருப்பதைத்தான் கொடுக்கும். டிக்கு 1, 3 சேர்த்து அழுத்தினால் 194 செ.மீ. கிடைக்கிறது, தேவை 197.5. சி ஷார்ப்புக்கு மூன்றும் சேர்ந்து 203, தேவை 209. ஆறு செ.மீ. குறைந்தால் சுருதி ஏறாமல் என்ன செய்யும்?

மூன்றாவது வால்வின் குழாயான மூன்றாவது ஸ்லைடில் இடது கை விரலுக்கு ஒரு வளையம் இருப்பது இதற்காகத்தான். அழகுக்காக வைத்தது என்று நினைத்து வருடக்கணக்கில் அதைப் பிடித்துக்கொண்டு மட்டும் ஊதியவர்களை எனக்குத் தெரியும். ஸ்லைடு இரட்டைக் குழாய் என்பதால் 1 செ.மீ. தள்ளினால் 2 செ.மீ. சேரும். கணக்குப்படி டிக்கு 1.7, சி ஷார்ப்புக்கு 3 செ.மீ.க்கு மேல் தள்ள வேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மூன்றாவது ஸ்லைடைக் கொஞ்சம் நீளமாகவே வைத்துவிடுவதால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகத் தள்ளினால் போதும். ட்யூனரைப் பார்த்துப் பழகிவிட்டு அப்புறம் அதை மூடிவையுங்கள். கை தானாகப் போகும்.

கேள்வி: அந்த ஸ்லைடு அசையவே மாட்டேன் என்கிறது. கிரீஸ் போட்டும் இறுகித்தான் இருக்கிறது.

கெட்டி கிரீஸ் டியூனிங் ஸ்லைடுக்கு. மூன்றாவதுக்கு மெல்லிய ஸ்லைடு எண்ணெய் போடுங்கள். ஒரு விஷயம், வெளியே இழுக்கும்போது மூன்றாவது வால்வை அழுத்திக்கொண்டு இழுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் பிடித்து எதிர்க்கும்.

இதையே கசிவுச் சோதனையாகவும் செய்யலாம். வால்வை அழுத்தாமல் ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்துச் சில விநாடி பிடித்திருந்துவிட்டு, பிறகு வால்வை அழுத்துங்கள். 'பொப்' என்று சத்தம் வந்தால் பிஸ்டனும் (வால்வுக்குள் ஏறி இறங்கும் உருளை) ஸ்லைடும் இறுக்கமாக இருக்கின்றன. சத்தமே வராவிட்டால் எங்கோ தேய்ந்திருக்கிறது. பழைய கருவி வாங்கப் போகும்போது நான் முதலில் செய்வது இதைத்தான். ஊதிப் பார்ப்பது அப்புறம்.

கேள்வி: லீட்பைப்பில் இளஞ்சிவப்பாகப் புள்ளிகள். பாலிஷ் போட்டும் போகவில்லை. களிம்பா?

களிம்பு இல்லை. புள்ளியின் நடுவில் ஊசிமுனை அளவு கருப்பாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது உள்ளிருந்து வந்த அரிப்பு. வழக்கமான மஞ்சள் பித்தளையில் செம்பு 70, துத்தநாகம் 30. மூச்சின் ஈரமும் வாயின் அமிலமும் குழாய்க்குள் தங்கித் துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது வெறும் செம்பு, அதுவும் பஞ்சு மாதிரி. அந்த இளஞ்சிவப்பு செம்பின் நிறம்தான். உள்ளே தொடங்கியது வெளியே தெரிகிறது என்றால், சுவரின் முழுத் தடிமனும் போயாயிற்று என்று அர்த்தம். இதற்குப் பாலிஷ் போடுவது வீண்.

உடனே பயப்பட வேண்டாம், பல வருடம் அப்படியே ஊதலாம். ஓட்டை விழுந்தால் லீட்பைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது செம்பு 85 அல்லது 90 சதவீதம் உள்ள குழாயைக் கேளுங்கள். துத்தநாகம் குறைந்தால் இந்த நோயும் அரிதாகவே வரும். சாப்பிட்டவுடன் வாய் கொப்பளிக்காமல் ஊதாதீர்கள். வாரம் ஒரு முறை லீட்பைப்புக்குள் பிரஷ் விடுங்கள், அப்புறம் இரண்டு சொட்டு வால்வு எண்ணெய்.

கேள்வி: குளிப்பாட்டுவது எப்படி? சுடுதண்ணீர் நல்லதா?

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு. சூடு அதிகமானால் லாக்கர், அதாவது மேலே உள்ள பளபளப்புப் பூச்சு, உரியும். பிஸ்டன்களை முன்பே எடுத்துவிடுங்கள், ஃபெல்ட் நனையக் கூடாது.

கேள்வி: கழுவி மாட்டிய பிறகு காற்றே போகவில்லை! உடைத்துவிட்டேனா சார்?

பிஸ்டன்கள் இடம் மாறியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று பொறித்திருக்கும். எண் சரியாக இருந்தால் அரைச்சுற்று திருப்பி மாட்டியிருப்பீர்கள். எல்லோரும் ஒரு முறை செய்ததுதான்.

கேள்வி: பெல்லில் பெரிய சொட்டை. சத்தம் கெடுமா? இன்னொன்று, அதே நாளிலிருந்து இரண்டாவது வால்வும் சிக்குகிறது.

பெல் ஓரத்துச் சொட்டை கண்ணைத்தான் உறுத்தும், காது கவனிக்காது. அதே அளவு சொட்டை லீட்பைப்பில் விழுந்திருந்தால் கதை வேறு. அங்கே குழாய் குறுகல், சின்ன மாற்றமும் தெரியும்.

கவலைப்பட வேண்டியது உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான். கீழே விழும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டாவது ஸ்லைடு அடிவாங்கி, தன் வேரில் இருக்கும் வால்வு உறையை உள்ளே தள்ளிவிடும். பிஸ்டனுக்கும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி 0.025 மி.மீ. அளவில்தான் இருக்கும், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. எண்ணெயைக் கொட்டி, பிஸ்டனை உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று இறங்காதீர்கள். தேய்த்த பிஸ்டன் திரும்ப வளராது. இதை மட்டும் கைதேர்ந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: வெள்ளி முலாம் போட்டால் சத்தம் பிரகாசமாகும், லாக்கர் போட்டால் மங்கும் என்கிறார்கள். உண்மையா?

இந்தச் சண்டையில் யாரும் தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை. என் கருத்து, உள்ளே இருக்கும் காற்றின் வடிவம்தான் முக்கால்வாசியைத் தீர்மானிக்கிறது. ஒரு முனை மூடிய நேர்க்குழாய் அடிச்சுரத்தின் 1, 3, 5 மடங்கு அதிர்வெண்களை மட்டுமே தரும். அதை வைத்துக்கொண்டு இசை வாசிக்க முடியாது. பெல்லின் விரிவு கீழ்ச்சுரங்களை மேலே தள்ளுகிறது. மவுத்பீஸும் லீட்பைப்பும் மேற்சுரங்களைக் கீழே இழுக்கின்றன. இந்த இழுபறியில்தான் 2, 3, 4, 5 மடங்கு என்று வரிசை ஓரளவு ஒழுங்காகிறது. எங்கே எவ்வளவு விரிகிறது என்பதில் மில்லிமீட்டரின் பின்னம் மாறினாலும் ஊதுபவருக்குத் தெரியும்.

உலோகத்தைப் பற்றி ரிச்சர்ட் ஸ்மித் என்ற வடிவமைப்பாளர் 1980களில் ஒரு சோதனை செய்தார். தடிமன் மட்டும் மாறுபடும் டிராம்போன் பெல்களைத் தேர்ந்த கலைஞர்களிடம் கொடுத்து, எது எதுவென்று தெரியாதபடி ஊதச் செய்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தெரிந்து ஊதும்போது நமக்கெல்லாம் வித்தியாசம் கேட்கத்தான் செய்கிறது, எனக்கும்தான். வெள்ளி முலாம் பிடித்திருந்தால் வாங்குங்கள், கைவியர்வையைத் தாங்கும். ஆனால் சத்தத்துக்காக என்று உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 7சி மவுத்பீஸிலிருந்து 3சிக்கு மாறினால் மேல்சுரம் வருமா?

வராது. பாக் என்ற தயாரிப்பாளரின் அளவில் 7சியின் உள்விட்டம் 16.2 மி.மீ., 3சி 16.3. எண் குறைந்தால் அகலம் கூடும், எழுத்து ஏயிலிருந்து எஃப் நோக்கிப் போனால் ஆழம் குறையும். ஷில்கே என்ற இன்னொரு தயாரிப்பாளரின் கணக்கு தலைகீழ், அதில் எண் கூடினால் அகலம் கூடும். உதட்டுக்கு எது வசதியோ அதை வையுங்கள். மேல்சுரம் பயிற்சியில் வருவது.

கேள்வி: பரணிலிருந்து தாத்தாவின் ட்ரம்பெட் கிடைத்தது. நன்றாக ஊதுகிறது, ஆனால் யாரோடும் சுருதி சேரவில்லை. என் மவுத்பீஸும் சரியாக உட்காரவில்லை.

இரண்டு துப்பு கொடுத்துவிட்டீர்கள். மவுத்பீஸ் ஒரு நுனி மட்டும் நுழைந்து ஆடுகிறதென்றால் அது ட்ரம்பெட்டின் உறவுக்கருவியான கார்னெட்டாக இருக்கலாம். கார்னெட் மவுத்பீஸின் காம்பு மெலிது. சுற்றுகள் நெருக்கமாக, கருவி குட்டையாக இருக்கிறதா பாருங்கள்.

சுருதி விஷயம் இன்னும் சுவாரசியம். ஏ சுரம் விநாடிக்கு 440 அதிர்வு என்று உலகம் ஒத்துக்கொண்டது பிற்பாடுதான், 1939இல் லண்டனில் கூடிப் பேசினார்கள். அதற்கு முன்பு 'ஹை பிட்ச்' என்று 452, 457 வரை வைத்துக் கருவிகள் செய்தார்கள். பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகள் 1960கள் வரை அதை விடவில்லை. உங்களுடையது 457 என்றால் குழாய் ஐந்தரை செ.மீ. குட்டை. டியூனிங் ஸ்லைடை 2.8 செ.மீ. இழுத்தால் வால்வு அழுத்தாத சுரங்கள் சேரும், ஆனால் வால்வு ஸ்லைடுகளையும் அதே விகிதத்தில் இழுக்க வேண்டும். சிலவற்றோடு நீளமான இன்னொரு டியூனிங் ஸ்லைடும் வந்திருக்கும். பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் தேடுங்கள். கிடைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

கேள்வி: அதையே புதிதாகப் பாலிஷ் செய்து லாக்கர் போட்டால் மதிப்பு கூடும்தானே?

ஐயோ, வேண்டாம்! பாலிஷ் சக்கரம் பித்தளையைத் தின்னும். பெல்லில் உள்ள பொறிப்பின் விளிம்பு மழுங்கிவிடும். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்த விளிம்பைத்தான். நகத்தால் தடவினால் பழைய பொறிப்பு சொரசொரவென்று பிடிக்கும், மறுபாலிஷ் கண்டது வழுக்கும்.

கேள்வி: சேகரிக்க ஆசை. எதில் தொடங்கலாம்?

ஓல்ட்ஸ் நிறுவனத்தின் அம்பாஸடர் மாடல். மாணவர்களுக்கென்று செய்தது, அதனால் நிறையக் கிடைக்கும், வால்வுகள் உழைப்பவை. பெல்லில் 'லாஸ் ஏஞ்சலஸ்' என்று இருந்தால் பழையது, 1950களின் நடுவில் ஃபுல்லர்டனுக்கு மாறினார்கள், 1979இல் மூடிவிட்டார்கள். பாக் ட்ரம்பெட் வாங்குகிறவர்கள் 'மவுண்ட் வெர்னன்' பொறிப்பைத் தேடி அலைவார்கள். வின்சென்ட் பாக் 1953இல் அங்கே போய், 1961இல் செல்மர் நிறுவனத்துக்கு விற்றார். நல்ல கருவிகள்தான், ஆனால் பொறிப்பைப் பார்த்து வாங்குபவர் 'பொப்' சோதனையை மறந்துவிடுகிறார். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஊதிய மார்ட்டின் கமிட்டி மாடலிலும் இதே ஆபத்து உண்டு.

கேள்வி: ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெல் ஏன் மேலே வளைந்திருக்கிறது?

1953இல் ஸ்டாண்டில் வைத்திருந்ததன் மேல் ஒருவர் விழுந்துவிட்டார். வளைந்ததை ஊதினால் தன் சத்தம் தன் காதுக்கு நன்றாகக் கேட்கிறது என்று கண்டு, அப்படியே 45 டிகிரியில் செய்து தரச் சொன்னார். நீங்கள் கீழே போட்டதற்கு இதைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

கேள்வி: அண்ணா, முதல் கேள்வி கேட்டவன்தான். குமிழி வந்தது. தக்கையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதினேன், வழுக்கின சுரமெல்லாம் உறுதியாக நிற்கிறது. இப்போது என்ன செய்ய?

பழைய தக்கையைச் சுரண்டி எடுங்கள், பசையின் மிச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. அதே விட்டத்தில் புதுத் தக்கையை ஒட்டி, சாவியை மூடிய நிலையில் நூலால் கட்டி இரவு முழுக்க விடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். காலையில் நூலை அவிழ்த்துவிட்டு ஊதுங்கள்.