ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தூண்டல் ஏன் கொடுக்கிறார்கள்?

எழுத்துத் தூண்டல் என்பது, பிள்ளை எழுதத் தொடங்குவதற்காக ஆசிரியர் கொடுக்கும் சிறு வரி, கேள்வி அல்லது படம். "கோட்டைக்குள் திரியும் மான் ஒன்று இன்று உன் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. பிறகு?" திருகோணமலைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்.

தரம் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்கு எழுத்தை வடிவாக எழுதுவதே பெரிய வேலை. ழகரமா ளகரமா, வசனம் எங்கே முடிகிறது என்பதையெல்லாம் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் "ஏதாவது எழுது" என்றால், எதைப் பற்றி என்று தேடியே களைத்துவிடும். தூண்டல் அந்த ஒரு சுமையை இறக்கிவிடுகிறது. மணலில் கிடக்கும் வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளிவிடுவது போல. எந்தப் பக்கம் ஓடுவது என்பது வள்ளக்காரர் பாடு.

நல்ல தூண்டல் பிள்ளை அறிந்த ஒன்றில் தொடங்கி, நடக்காத ஒன்றைக் கேட்கும். "கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஒருநாள் ஐஸ் தண்ணீராகிவிட்டால்?" என்று கேட்டுப் பாருங்கள். "எனது பாடசாலை" என்பது வெறும் தலைப்பு. மனனம் செய்த வசனங்கள்தான் திரும்பி வரும். எழுதுமுன் பக்கத்துப் பிள்ளையோடு கொஞ்சம் கதைக்க விடுங்கள். எழுதச் சிரமப்படும் பிள்ளை முதலில் படம் கீறட்டும். முதல் வாசிப்பில் சிவப்புப் பேனையை மட்டும் எடுக்காதீர்கள், தயவுசெய்து. எழுத்துப்பிழையை அடுத்த நாள் பார்க்கலாம்.

தூண்டலுக்குச் சரியான விடை ஒன்று உண்டு என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, கொடுத்த வரியை விட்டுப் பிள்ளையின் கதை கடலுக்குள் இருக்கும் புறாத்தீவுக்குப் போய்விட்டாலும் பிள்ளை சரியாகவே எழுதியிருக்கிறது.